மலையகத்தில் முதல் தனி வீடு: தொண்டு செய்ய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வருகிற பிள்ளைகள் முதல் சில வாரம் யார் வீட்டிலாவது ஓர் அறையில் இருப்பார்கள், அப்புறம் தனி வீடு தேடக் கிளம்புவார்கள். நியாயமான ஆசைதான். அம்மா வீடு, ஹாஸ்டல் என்றே இருந்தவர்கள் கையில் சொந்தமாக ஒரு சாவி வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் நாங்கள் ஹட்டனுக்கு வந்த புதிதில் எங்கள் கூட்டம் இடறிய அதே இடங்களில்தான் இன்றைக்கு வருகிறவர்களும் இடறுகிறார்கள். கம்பளி கொண்டு வா, பாஸ்போர்ட் நகல் எடுத்து வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

பெப்ரவரியில் பார்த்த வீட்டுக்கு ஒரு வருட அட்வான்ஸ்

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை. பெப்ரவரியில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வானம் தெளிந்து கிடக்கும். ஜன்னலைத் திறந்தால் சிவனொளிபாத மலை தெரியும், கீழே தேயிலை தெரியும், சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்த ஜன்னலிலேயே மனசு விழுந்துவிடும். வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பார், கொஞ்சம் குறைத்தும் கொடுப்பார், இவர்களும் ஊரிலிருந்து கொண்டுவந்த காசை அப்படியே எண்ணி வைத்துவிடுவார்கள்.

மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கம் ஈரம்தான். இங்கே பாதி வீடுகள் மலையை வெட்டி, வெட்டிய மண்ணை ஒட்டிக் கட்டியவை. அந்த மண்ணில் ஊறுகிற தண்ணீர் பின்சுவர் வழியாக உள்ளே வரும். போன வருடம் மதுரைப் பக்கமிருந்து வந்த இரண்டு பெண்கள் இப்படித்தான் ஒரு வீட்டை எடுத்தார்கள். ஜூன் மாதம் அலமாரியை நகர்த்திப் பார்த்தபோது அதன் முதுகு முழுக்கக் கருப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம், சான்றிதழ் வைத்திருந்த ஃபைலில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒருத்திக்கு இளைப்பு வந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கினாள். காசைத் திருப்பிக் கேட்டால் அது எப்போதோ செலவாகிவிட்டது என்றார் வீட்டுக்காரர். மிச்ச மாதங்களின் வாடகையை விட்டுவிட்டு வேறொரு வீட்டில் அறை எடுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா முன்னாடியே "மழைக்கு அந்த வீட்ல இருக்க ஏலாது தங்கச்சி" என்று சொல்லியிருக்கிறார். ஏதோ அக்கம்பக்கத்துச் சண்டை என்று நினைத்து இவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் ஜன்னலுக்குப் போகுமுன் வீட்டின் பின்பக்கம் போங்கள். பின்சுவரில் முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஆள் நடக்க இடமும் தண்ணீர் ஓட ஒரு கானும் (வடிகால்) இருக்க வேண்டும். மண்ணைத் தாங்க மதில் கட்டியிருந்தால் அதில் தண்ணீர் வடியத் துளை விட்டிருக்க வேண்டும்.

ஈரம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மூடியது, 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்றும் பார்த்தோம். மேலே தரையில் புதிதாக விரிசல், சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, நேற்றுவரை லேசாக மூடிய கதவு இன்று இறுகுவது, இதில் எது தெரிந்தாலும் அந்த வீடு வேண்டாம். அந்த இடத்துக்கு மண்சரிவு அபாயம் உண்டா என்று அந்த ஊர் அரச அலுவலரான கிராம சேவகரிடம் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயாராக இரு, 150 தாண்டினால் வெளியேறு. அனர்த்த முகாமைத்துவ (பேரிடர் மேலாண்மை) நிலையத்தின் எண் 117, போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே மழை அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, ஜூலை ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும். அங்கே ஆகஸ்டில் பார்த்து ஏமாறுவார்கள்.

அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் எழுதினால்தான் சட்டப்படி நிற்கும். சிங்களத்தில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரை வரிவரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள், கொடுத்த காசுக்குக் கையோடு ரசீது வாங்குங்கள்.

விசா

சுற்றுலா விசாவில் தொண்டு வேலை செய்ய முடியாது. அதற்கான விசா கைக்கு வரும்வரை வீட்டுக்குக் காசு கட்டாதீர்கள்.

லயத்து அறை

மக்களோடு மக்களாக இருக்கிறேன் என்று சிலர் லயத்திலேயே அறை கேட்கிறார்கள். லயம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பது, அதில் குடியிருக்கிற தொழிலாளி உங்களுக்கு வாடகைக்கு விட முடியாது. விட்டால் மாட்டுவது அவர்தான். ஏற்கெனவே ஓர் அறையில் ஒரு குடும்பமே நெருக்கி இருக்கிற இடம் அது.

ஹீட்டர்

வாங்காதீர்கள். யூனிட் கூடக் கூட மின்கட்டண விகிதமும் ஏறும். கனமான போர்வை போதும். வீடு எடுக்கும்போது பழைய பில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிளக்

பழைய வீட்டில் உருண்டை முள், புது வீட்டில் சதுர முள். பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள்.

பீலித் தண்ணீர்

பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர். மழைக் காலத்தில் கலங்கி வரும். தெளிந்திருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அக்கம்பக்கம்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரமே அக்கம்பக்கத்தாரிடம் "நீங்க எப்ப இந்தியாவுக்குத் திரும்பி வருவீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பாதிக் குடும்பம் அங்கும் பாதி இங்குமாகப் பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மலையகத் தமிழர்கள். இருநூறு வருடமாக இதுதான் அவர்கள் ஊர். அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று யோசியுங்கள்.

பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பொங்கலோ கடலையோ வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். யாராவது கடன் கேட்டால் உடனே கொடுக்கவும் வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம், உங்களை அழைத்து வந்த அமைப்பில் இருக்கிற உள்ளூர் அண்ணன் யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ராத்திரி மழை கொட்டும்போது முதலில் உங்கள் கதவைத் தட்டப்போவது பக்கத்து வீட்டு அக்காதான், அவர் போன் எண்ணைக் குடிவந்த அன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள்.