ஸ்காட்லாந்து க்ரைம் நாவல்களை எங்கிருந்து தொடங்குவது?

"கொலைகாரன் யார்?" என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் நல்ல க்ரைம் நாவல்கள் பலவும் அந்தக் கேள்வியை நம்பி எழுதப்பட்டவை அல்ல. கொலை நடந்த ஊர் எப்படிப்பட்டது, கொன்றவனை என்ன செய்வது, அவனைத் தேடிப் போகிறவரின் மனசாட்சி என்ன பாடுபடுகிறது என்பதுதான் அங்கே கதை. முடிவு தெரிந்த பிறகும் அவற்றை மறுபடி எடுத்துப் படிக்க முடிவது அதனால்தான்.

யார் கேட்டாலும் நான் முதலில் கையில் கொடுப்பது வில்லியம் மெக்கில்வானி 1977இல் எழுதிய 'லெய்ட்லா'. களம் கிளாஸ்கோ. முதல் அத்தியாயத்திலேயே ஓர் இளைஞன் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன்தான் கொன்றான் என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். செத்துப்போன பெண்ணின் அப்பா பழிவாங்கத் துடிக்கிறார். ஊர் ரவுடிகளும் அவனைத் தேடுகிறார்கள். அவர்கள் கையில் சிக்குவதற்குள் இன்ஸ்பெக்டர் லெய்ட்லா அவனைப் பிடித்தாக வேண்டும். பிடிப்பது தண்டனை வாங்கிக் கொடுக்க மட்டுமல்ல, உயிரைக் காப்பாற்றவும்தான். கொன்றவனை அரக்கன் என்று சொல்லி ஒதுக்கிவிட லெய்ட்லாவுக்கு மனம் வருவதில்லை. தன் மேசையின் பூட்டிய இழுப்பறைக்குள் அவர் கீர்க்ககார்ட், காம்யு, உனாமுனோ போன்ற தத்துவச் சிந்தனையாளர்களின் புத்தகங்களை வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். பின்னால் வந்த ஸ்காட்லாந்து துப்பறிவாளர்கள் எத்தனையோ பேரிடம் அந்த இழுப்பறையின் சாயல் இருக்கிறது.

அடுத்தது இயன் ரேங்கின். எடின்பரோ போலீஸ் துப்பறிவாளர் ரீபஸை வைத்து அவர் எழுதிய வரிசை 1987இல் வந்த 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' நாவலில் தொடங்குகிறது. ஆனாலும் 1997இல் வந்த, க்ரைம் நாவலுக்கான கோல்ட் டாகர் விருது வாங்கிய 'பிளாக் அண்ட் ப்ளூ'வை முதலில் எடுங்கள். 1968-69இல் கிளாஸ்கோவின் பாரோலேண்ட் நடனக்கூடத்தோடு சேர்த்துப் பேசப்படும் மூன்று பெண்களின் கொலை நிஜமாக நடந்தது. 'பைபிள் ஜான்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்த அந்தக் கொலைகாரன் அகப்படவே இல்லை. ரேங்கின் அந்த ஆறாத புண்ணைத் தொட்டு, அதோடு வட கடல் எண்ணெயால் செழித்த அபர்தீன் நகரத்தின் பணத்தையும் சேர்த்து எழுதினார். இதைப் படித்துவிட்டு முதல் நாவலுக்குத் திரும்பி, பிறகு வரிசைப்படி போகலாம். வரிசை முக்கியம். ரீபஸுக்கு நாவலுக்கு நாவல் வயது ஏறுகிறது, 2007இல் பணி ஓய்வும் வருகிறது.

எடின்பரோ வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் மேல் பழைய நகரம், அதன் குறுகிய சந்துகள். பூங்காவைத் தாண்டினால் 18ஆம் நூற்றாண்டில் அளந்து கட்டிய புது நகரம். பகலில் மரியாதைக்குரிய தச்சு வேலைக்காரராகவும் நகரசபை உறுப்பினராகவும் இருந்து, இரவில் திருடிய டீக்கன் பிராடியை 1788இல் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். நான் அங்கே படித்த காலத்தில் மார்ச்மான்ட் பகுதியில் குடியிருந்தேன். ரீபஸின் வீடு இருப்பதாக எழுதப்பட்ட ஆர்டன் தெரு பக்கத்திலேயே. அந்தப் பகுதி அடுக்குவீடுகளுக்குப் பொதுவாக ஒரே கல் படிக்கட்டு. நடுவில் தேய்ந்து குழிந்த படிகள். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூரை, கீழ்த் தளத்துக்கு வெளிச்சம் வந்து சேராது. மேல் வீட்டில் கதவு சாத்தினால் கீழே கேட்கும், ஆனால் யார் சாத்தியது என்று தெரியாது. நாவலில் போலீஸ் மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டும் காட்சி வந்தால் இந்தப் படிக்கட்டை மனதில் கொண்டு வாருங்கள். அக்கம்பக்கத்தார் எதைக் கேட்டிருப்பார்கள், எதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது புரிந்துவிடும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அது இங்கிலாந்துச் சட்டம் அல்ல. சந்தேக மரணத்தை விசாரிக்கும் பொறுப்பு 'புரொக்யுரேட்டர் ஃபிஸ்கல்' என்ற அரசு வழக்கறிஞருடையது. ஜூரியில் 15 பேர். ஒரே ஒரு சாட்சியத்தை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, அதற்கு வலுச்சேர்க்கும் இன்னொன்றும் வேண்டும். நாவல்களில் போலீஸ்காரர்கள் எங்கே போனாலும் இரண்டு பேராகப் போவதற்கு இது ஒரு காரணம். 'குற்றவாளி', 'குற்றவாளி அல்ல' என்ற இரண்டோடு 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பும் நெடுங்காலம் இருந்தது. ஆள் விடுதலையாகிவிடுவான், ஊர் வாய் மூடாது. 2025இல்தான் அதை ஒழிக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழைய நாவல்களின் கசப்பில் ஒரு பங்கு இந்தத் தீர்ப்பிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

இந்த நாவல்களின் உரையாடலில் வரும் ஸ்காட்லாந்துப் பேச்சுமொழியைக் கண்டு மிரள வேண்டாம். புரியாத சொல் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள், முக்கால்வாசி பிடிபட்டுவிடும். மிச்சத்தை அப்படியே விட்டுவிடலாம்.

டெனிஸ் மைனாவைத் தள்ளிப்போடாதீர்கள். 'கார்னெட்ஹில்' (1998) நாவலின் மொரீன், மனநல மருத்துவமனையில் இருந்து திரும்பியவள். அவள் வீட்டிலேயே காதலன் பிணமாகக் கிடக்கிறான், அவள் சொல்வதை நம்ப ஆளில்லை. யாருடைய சொல் எடுபடும், யாருடையது எடுபடாது என்பதை இவ்வளவு கோபத்தோடும் இவ்வளவு பரிவோடும் சொன்ன க்ரைம் நாவல்கள் எனக்குத் தெரிந்து குறைவு. கதையின் முடிச்சுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் வால் மெக்டெர்மிட் எழுதிய 'தி டிஸ்டன்ட் எக்கோ' (2003) சரியாக இருக்கும். 1978இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் கண்டெடுத்த நான்கு மாணவர்கள் மேலேயே சந்தேகம் விழுகிறது. 25 வருடம் கழித்தும் அது விடுவதில்லை.

நகரங்கள் போதும் என்று தோன்றும்போது தீவுகளுக்குப் போங்கள். பீட்டர் மேயின் 'தி பிளாக்ஹவுஸ்' முதலில் பிரெஞ்சில் வந்து, 2011இல்தான் ஆங்கிலத்தில் வெளியானது. லூயிஸ் தீவின் நெஸ் பகுதி ஆண்கள் வருடாவருடம் சூலா ஸ்கீர் என்ற பாறைத்தீவுக்குப் போய்க் கடற்பறவைக் குஞ்சுகளை வேட்டையாடும் வழக்கம்தான் அதன் உயிர். கடந்த காலமும் நிகழ்காலமும் மாறி மாறி வரும் நாவல் என்பதால் துண்டு துண்டாகப் படித்தால் தொடர்பு அறுந்துவிடும். இரண்டு நாள் விடுமுறை கிடைக்கும்போது எடுத்து ஒரே மூச்சில் முடியுங்கள்.