‘200 பவுண்ட்ஸ் பியூட்டி’: காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படம்

அழகையும் காதலையும் வைத்து வந்த கொரிய ரொமான்டிக் காமெடிகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 2006 டிசம்பரில் வெளியான ‘200 பவுண்ட்ஸ் பியூட்டி’யைத்தான் சொல்வோம். இயக்கம் கிம் யோங் ஹ்வா. நடிப்பு கிம் ஆ ஜூங், ஜூ ஜின் மோ. மூலக்கதை ஒரு ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை. சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். அசட்டையாகப் பார்த்தால் குண்டாக இருந்த பெண் ஆபரேஷன் செய்து அழகியான கதை, அவ்வளவுதான். கொஞ்சம் கவனம் வைத்தால் படம் வேறு மாதிரி பிடிபடும்.

முதலில் மொழி. டப்பிங்கில் பார்க்காதீர்கள். நாயகி ஹன்னாவுக்குக் குரல் இருக்கிறது, மேடைக்கேற்ற தோற்றம் இல்லை என்கிறார்கள். பாப் பாடகி ஆமிக்குத் தோற்றம் இருக்கிறது, குரல் இல்லை. மேடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஹன்னா பாடுவாள். முன்னால் ஆமி வாயசைத்து ஆடுவாள். பிறகு ஹன்னாவின் முகம், உடம்பு, பெயர் எல்லாம் மாறிவிடுகின்றன. மாறாமல் நிற்பது குரல் ஒன்றுதான். பாடல்களைக் கிம் ஆ ஜூங்கே பாடியிருக்கிறார். டப்பிங்கில் பேசுவது ஒருவர், பாடுவது இன்னொருவர் என்று ஆகிவிட்டால் கதையின் அச்சே முறிந்துவிடும். சப்டைட்டில் போட்டு, முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள்.

அடுத்து, ஆரம்பத்தை ஓட்டிவிடாதீர்கள். ‘மாறின பிறகுதான் படமே’ என்று தள்ளிவிட்டுப் பார்ப்பவர்கள் பாதி வழியில் குழம்பிப்போவது இதனால்தான். மூன்று விஷயங்களை மனதில் முடிந்துவையுங்கள்: ஆமியிடமிருந்து வரும் அந்த உடை, ராத்திரியில் ஹன்னா சம்பளத்துக்கு ஆண்களோடு ஆபாசமாகப் பேசும் போன், நினைவு மங்கி மருத்துவமனையில் இருக்கும் அப்பா. அறுவை சிகிச்சை நிபுணர் கதைக்குள் வருவதே அந்தப் போன் வழியாகத்தான். அப்பாவோ பின்பாதி முழுவதற்கும் பாரமாகிறார். தன் பழைய முகத்தை மறைக்க வேண்டுமென்றால் அவரையும் மறைக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவள் தள்ளப்படுகிறாள்.

ஒரு எச்சரிக்கை. ஆபரேஷனுக்கு முன்னால் தற்கொலை முயற்சிக் காட்சி ஒன்று வருகிறது. போன் பேச்சும் பெரியவர்களுக்கானது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படம் அல்ல இது.

மாற்றத்துக்குப் பிறகு எல்லோர் கண்ணும் கிம் ஆ ஜூங் மேலேயே இருக்கும். நீங்கள் சுற்றி நிற்பவர்களைப் பாருங்கள். ஹன்னாவின் கார் ஒரு டாக்ஸியில் மோதும் காட்சியை நிறுத்தி, இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். சத்தம் போட இறங்கி வந்த டிரைவர் அவள் முகத்தைப் பார்த்ததும் குழைந்துபோகிறார். விசாரிக்க வரும் போலீஸ்காரரும் அப்படியே. அவள் சாமர்த்தியமாக எதுவும் பேசிவிடவில்லை. தப்பும் அவள் மேல்தான். படம் சொல்ல வந்த வாதம் முழுக்க இந்தக் காட்சிக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் கணிப்பில் கடைசிக் கச்சேரிக் காட்சியைவிடக் கூர்மையானது இதுதான்.

ஹன்னா காதலிக்கும் சாங் ஜுனையும் (ஜூ ஜின் மோ) விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியைப் பற்றி அவன் பேசும் இடத்தில், ஊரார் செய்துகொள்வதும் தன் காதலி செய்துகொள்வதும் அவனுக்கு ஒன்றல்ல என்று தெரிந்துவிடும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அவள் முகத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

பலருக்கு இடறுவது ஹன்னாவின் உடம்பை வைத்துச் செய்யும் கேலி. ஒல்லியான நடிகைக்குச் செயற்கை உடம்பு மாட்டி எடுத்த காட்சிகள் இன்று உறுத்தத்தான் செய்யும், உறுத்தவும் வேண்டும். ஒவ்வொரு சிரிப்பிலும் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். அவளைப் பார்த்து என்றால் அது படத்தின் குறை. அவளை எடைபோடுகிறவர்களைப் பார்த்து என்றால் அது படத்தின் பலம். இரண்டும் கலந்தே இருக்கின்றன. வேலை விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது வழக்கமாக இருந்த நாடு அது. சியோலின் கங்நம் பகுதியில் அப்குஜோங், சின்சா பக்கம் சர்ஜரி கிளினிக்குகள் வரிசைகட்டி நிற்கும். வேலைக்குச் சம்பந்தமில்லாத உயரம், எடை போன்ற விவரங்களை விண்ணப்பதாரரிடம் கேட்கக் கூடாது என்று 2019-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஹன்னாவின் முடிவு பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது.

படம் பிடித்திருந்தால் அடுத்து 2018-ல் ஜேடிபிசி என்ற கொரிய டிவி சேனலில் வந்த ‘மை ஐடி இஸ் கங்நம் பியூட்டி’ தொடர், 16 எபிசோடுகள். வரிசையை மாற்றாதீர்கள்: படம் ஆபரேஷன் வரைக்கும் அதன் பிறகுமாக விரிகிறது, தொடரோ ஆபரேஷன் முடிந்து கல்லூரிக்குள் நுழைகிறவளிடம் தொடங்குகிறது. ஒரே மூச்சில் பார்க்காமல், ஒளிபரப்பானது போலவே இரண்டிரண்டாகப் பாருங்கள். நாயகி மி ரே எதிரில் வருகிறவர்களின் முகத்துக்கு மனதுக்குள் மதிப்பெண் போடுவாள். அந்தப் பழக்கம் எங்கே தலைகாட்டுகிறது, எங்கே காட்டவில்லை என்று குறித்துக்கொண்டே வந்தால் தொடர் போகிற போக்கு தானாகப் புரியும்.