துருவ நட்சத்திரம் தாழ்ந்த ஊரில் ஆட்டோகைடிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திர எல்லையோரம் ஆலங்காயம், வாணியம்பாடி, குப்பம் பக்கம் வானத்தைப் படமெடுப்பவர்களுக்கு முதல் சிக்கல் துருவ நட்சத்திரம்தான். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் அச்சை அந்தப் பக்கம்தான் குறிவைக்க வேண்டும். நம் அட்சரேகை சுமார் 12.6 டிகிரி, அந்த நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவுதான் உயரும். வடக்கே ஒரு குன்றோ தென்னந்தோப்போ நின்றால் மறைந்தே போகும். அதனால் பலர் மவுண்டைக் குத்துமதிப்பாக வடக்கே திருப்பிவிட்டு, மீதியை ஆட்டோகைடிங் (விண்மீனைப் பார்த்து மவுண்டைத் தானாகத் திருத்தும் முறை) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான்.

கைடு ஸ்கோப் என்ற துணைத் தொலைநோக்கியில் பொருத்திய கைடு கேமரா சில நொடிக்கு ஒருமுறை ஒரு விண்மீனைப் பார்க்கிறது. அது நகர்ந்திருந்தால் மென்பொருள் மவுண்டுக்குச் சிறு திருத்தம் அனுப்புகிறது. மவுண்டின் பல்சக்கரப் பிழையை இது அழகாகச் சரிசெய்யும். ஆனால் அச்சு துருவத்தை விட்டு விலகியிருந்தால், கைடு விண்மீன் அசையாமல் நிற்கும்; மற்றவை அதைச் சுற்றி வளைந்து இழுபடும். எந்தத் திருத்தமும் இதை மறைக்காது. துருவம் தெரியாத இடத்தில் டிரிஃப்ட் அலைன்மென்ட் செய்யுங்கள், அதாவது விண்மீனின் நகர்வைப் பார்த்து அச்சைச் சரிசெய்யுங்கள். உச்சிவட்டத்தருகே (தலைக்கு மேல் வடக்கு தெற்காகச் செல்லும் கோடு), வான நடுவரைக் கோட்டில் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) ஒரு விண்மீனைப் பிடித்து, திருத்தத்தை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். வடக்கு தெற்காக நகர்ந்தால் மவுண்டின் திசைத் திருகைத் திருப்புங்கள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்ந்த விண்மீனை வைத்து உயரத் திருகு. நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேலிபரேஷனை, அதாவது திருத்தத்துக்கு மவுண்ட் எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளப்பதை, துருவத்தின் பக்கம் செய்யாதீர்கள். நடுவரையிலிருந்து 60 டிகிரி விலகினாலே விண்மீனின் கிழக்கு மேற்கு நகர்வு பாதியாகிவிடும், கணக்கு பிசகும். ஜனவரி இரவு பத்து மணிவாக்கில் ஓரியனின் இடைவார் விண்மீன்கள் நடுவரையை ஒட்டி, நம் உச்சிக்கருகில் நிற்கும். அதைவிட நல்ல இடம் தேட வேண்டாம்.

கைடு கேமராவுக்கு அரை நொடி எக்ஸ்போஷர் வைத்தால் மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்த ஆரம்பிக்கும். இரண்டு, மூன்று நொடி வையுங்கள். கேபிள் தொங்கி இழுக்காமல் கட்டுங்கள்.

கைடிங் வரைபடம் நேராகவே ஓடியும், படத்துக்குப் படம் விண்மீன்கள் ஒரே திசையில் நகர்ந்திருந்தால், கைடு ஸ்கோப்பும் தொலைநோக்கியும் தனித்தனியே வளைகின்றன. முதலில் கைடு ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத் திருகுகளை இறுக்குங்கள். நீண்ட குவியத் தொலைவுள்ள தொலைநோக்கி என்றால் கைடு ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ஆஃப் ஆக்சிஸ் கைடருக்கு (முதன்மைத் தொலைநோக்கியின் ஒளியிலேயே கைடு விண்மீனைப் பிடிக்கும் கருவி) மாறுங்கள்.