பிள்ளைக்கு முதல் ஏர் ரைஃபிள்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மெரினாவில் பலூன் சுட்டுவிட்டு வந்த பிள்ளை "எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்" என்று நச்சரிப்பது பழைய கதை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு பதக்கம் வாங்கிய பிறகு, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்கே, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்கே, வந்துவிடும் பெற்றோர் அதிகம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அரிச்சுவடி சொல்லித் தருவது என் வேலை. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த கம்பெனி வாங்கலாம் மேடம்?"

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. முதல் சில மாதங்கள் பிள்ளை கிளப் துப்பாக்கியிலேயே பழகட்டும். ஒரே இடத்தில் நின்று, பேசாமல், சின்னக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு இது. பாதிப் பிள்ளைகளுக்கு ஒரே கோடை விடுமுறையில் அலுத்துவிடும். அதில் தப்பில்லை, ஆனால் பரணில் ஒரு துப்பாக்கி தூங்கக் கூடாது.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? பத்துப் பன்னிரண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் வயதைப் பார்ப்பதில்லை. "ஸ்டாப்" என்று சொன்ன நொடியில் கையை நிறுத்துகிறதா என்று பார்ப்பேன். "ஒரே ஒரு ஷாட், மேடம்" என்று கெஞ்சுகிற பிள்ளை இன்னும் ஒரு வருஷம் கழித்து வரலாம்.

சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். 4.5 மி.மீ. உள்விட்டக் குழலும் 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தியும் கொண்ட ஏர் கன்னுக்கு (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் போட்டி ரைஃபிள் இதற்குள் தாராளமாக அடங்கும்: அரை கிராம் பெல்லட் (சின்னக் குண்டு), நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகம், கணக்குப் போட்டால் ஏழெட்டு ஜூல். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. ஒரு கண்ணைப் போக்க அந்த ஏழெட்டு ஜூல் தாராளம். தாத்தா ஊருக்குப் போனால் தோப்பில் மைனா சுடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே தடுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சரி, பிள்ளை நிலைத்துவிட்டது, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் அளவு. சட்டை வாங்கும்போது உடம்பில் வைத்துப் பார்ப்பதுபோல இதையும் வைத்துப் பார்க்க வேண்டும். காலியான ரைஃபிளின் குழல் வானத்தைப் பார்த்திருக்க, அதன் அடிப்பகுதியை, அதாவது தோளில் பதியும் முனையை, பிள்ளையின் மடக்கிய முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரைத் தொட்டால் நீளம் சரி. எட்டவில்லை என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். அடுத்து எடை. போட்டி விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், பெரியவர்களுடையது நாலு கிலோவைத் தாண்டும். முப்பது கிலோ பிள்ளை அதைத் தூக்கினால் இடுப்பை வளைத்து, முதுகைச் சாய்த்து ஏதோ ஒரு கோணத்தில் நிற்கும். அந்தக் கோணல் பிறகு போகவே போகாது. ஜெர்மன் கம்பெனிகள் இதற்காகவே எடை குறைந்த, ஸ்டாக்கை (தோளில் தாங்கும் கட்டையை) நீட்டிக் குறைக்கக்கூடிய ஜூனியர் மாடல்கள் செய்கின்றன. விலைதான் லட்சத்தைத் தாண்டும்.

அதனால்தான் பலர் குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிளுக்குப் போகிறார்கள். விலை ஆயிரங்களில் முடியும், உண்மைதான். ஆனால் மடக்கவே பெரியவர் பலம் வேண்டும். மடக்கிய நிலையில் ட்ரிகர் தட்டினால் குழல் படாரென்று மூடிக்கொள்ளும், இடையில் விரல் இருந்தால் நசுங்கும். வாங்குவதென்றால், மடக்குவதும் பெல்லட் போடுவதும் உங்கள் வேலை. பெல்லட் போட்டு முடிக்கும்வரை குழலை மறுகை விடவே கூடாது. பெல்லட் இல்லாமல் சும்மா சுடுவதும் இதற்கு ஆகாது, உள்ளே பிஸ்டன் அடிபடும்.

பிஸ்டல் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. ஒற்றைக் கையில் ஒரு கிலோவை நீட்டிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம். கையடக்கமாக இருப்பதால் திரும்பிப் பேசும்போது குழலும் கூடவே திரும்பிவிடும் என்பது என் இன்னொரு பயம்.

இந்தக் குழல் விஷயத்தில் நமக்கு ஒரு தனித் தொல்லை, தீபாவளி. ரோல் கேப் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்து, மாமாவைச் சுடு, சித்தியைச் சுடு என்று நாமே பழக்கிவிடுகிறோம். அதை அழிப்பதுதான் முதல் பாடம். பெல்லட்டைக் கண்ணில் காட்டாமலே பல வகுப்புகள் இதற்கே போகும்: எந்தத் துப்பாக்கியும் லோடு ஆகியிருப்பதாகவே நினை, குழல் எப்போதும் டார்கெட் பக்கம், குறி பார்த்து முடியும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, டார்கெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். யாராவது டார்கெட் பக்கம் போனால் துப்பாக்கி மேஜையில் இருக்க வேண்டும், குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு தெரிய வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது. தன் அப்பா சுடும் கோட்டைத் தாண்டியபோது "அப்பா, பின்னாடி வாங்க" என்று அதட்டிய ஒரு வாண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சுடத் தொடங்கும்போது டார்கெட் அட்டையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் காட்டுகிறேன். ரைஃபிள் டார்கெட்டில் பத்து மார்க் என்பது அரை மி.மீ. புள்ளி. முதல் நாளே அதைக் காட்டினால் பிள்ளை மார்க் எண்ண ஆரம்பித்துவிடும். வெள்ளை அட்டையில் மார்க் கிடையாது. ஐந்து ஓட்டையும் நெருங்கி விழுகிறதா என்பது மட்டும்தான். நெருங்கி விழுந்தால் சைட்டை (குறி பார்க்கும் கருவியை) திருகி நடுவுக்குக் கொண்டுவருவது நிமிஷ வேலை. ஆரம்பத்தில் ரைஃபிளின் முன்பகுதி ஸ்டாண்டில் இருக்கட்டும். கை எடை சுமக்காதபோதுதான் விரலைக் கவனிக்க முடியும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ஏழெட்டு நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் இறக்கிவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இறக்கத் தெரிந்த பிள்ளை சீக்கிரம் முன்னேறும். இன்னொரு கண்ணை இறுக்கி மூட வேண்டாம், அதன் முன்னால் ஒரு வெள்ளைத் தடுப்பு போதும்.

வீட்டில் பயிற்சி என்றால் குண்டில்லாத பயிற்சி மட்டும். போட்டிக்கான மேட்ச் ரைஃபிள்களில் அதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு: ட்ரிகர் வேலை செய்யும், காற்று போகாது. மொட்டை மாடியில் சுடுகிறோம் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். துப்பாக்கி பூட்டிய பீரோவில், பெல்லட் வேறு இடத்தில், சாவி உங்களிடம். வெளியே எடுத்துப் போகும்போது மூடிய பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள், பில் நகலும் கிளப் அட்டையும் கூடவே இருக்கட்டும். பெல்லட் ஈயம் என்பதால் ரேஞ்சில் சுண்டல் கிடையாது, கை கழுவிய பிறகுதான்.

செகண்ட் ஹேண்டில் மேட்ச் ரைஃபிள் வாங்குகிறவர்கள் அதிலுள்ள காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம் அது, பத்து வருஷம்தான் ஆயுள். தேதி தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதி இல்லை, நிரப்புவதும் ஆபத்து. புது சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். தேதி அழிந்திருந்தால் பேரமே வேண்டாம்.