விண்டோஸ் டேட்டா அனுப்புறத குறைக்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பழைய வண்ணாரப்பேட்டைல சர்வீஸ் பாக்குறேன். கொஞ்ச காலமா ஒரு மாதிரி லேப்டாப் நிறைய வருது. வைரஸ் கிடையாது, டிஸ்க் போகல, ஓனர் "விண்டோஸ் நம்மள வேவு பாக்குது"ன்னு எங்கயோ வீடியோ பாத்துட்டு உள்ள கை வெச்சிருப்பாரு. அந்தக் கோவம் நியாயமானதுதான். 2015ல விண்டோஸ் 10 வந்ததுலேர்ந்து ஹோம் எடிஷன்ல டெலிமெட்ரிய (மெஷின்லேர்ந்து மைக்ரோசாஃப்டுக்குத் தானா போற டேட்டா) முழுசா நிறுத்த ஒரு பட்டன்கூட இல்ல, காசு குடுத்து வாங்குன மெஷின் நம்ம பேச்சக் கேக்கணும்னு நினைக்கிறதுல என்ன தப்பு. ஆனா அதத் தடுக்கிறேன்னு நாங்கள்லாம் ஆரம்பத்துல பண்ண அதே தப்ப இப்ப காலேஜ் பசங்களும் கடைக்காரங்களும் வரிசையா பண்றத பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

இன்ஸ்டால் பண்ணும்போது எல்லாத்துக்கும் ஆக்செப்ட் குடுக்காதீங்க, லொக்கேஷன ஆஃப் பண்ணுங்கன்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

கண்ட ஸ்கிரிப்ட அட்மினா ரன் பண்றது

"ஒரே கிளிக்ல ஸ்பை எல்லாம் க்ளோஸ்"னு போட்டிருக்கிற ஸ்கிரிப்ட்ல (வரிசையா கட்டளை எழுதி வெச்ச ஃபைல்) பாதி, டெலிமெட்ரியோட சேத்து விண்டோஸ் அப்டேட்டயும் விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரயும் ஆஃப் பண்ணிட்டுப் போயிடும். 2017 மே 12ல வானாக்ரைன்னு ஃபைல பூட்டி காசு கேக்குற வைரஸ் பரவுச்சே ஞாபகம் இருக்கா, அதத் தடுக்கிற அப்டேட் மார்ச் 14க்கே வந்தாச்சு, அதப் போடாம விட்ட மெஷினுங்கதான் மாட்டுச்சு. ஸ்கிரிப்ட்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியலன்னா ரன் பண்ணாதீங்க.

ரெக்கவரி கீய எடுக்காம அக்கவுண்ட்ட மூடுறது

இத நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வரும்.

விஷயம் என்னன்னா, புது லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போனீங்கன்னா நிறைய மாடல்ல டிவைஸ் என்க்ரிப்ஷன் (சாவி இல்லாம படிக்க முடியாதபடி டிஸ்க்கப் பூட்டுறது) தானாவே ஆன் ஆயிடும். ப்ரோ எடிஷன்ல பிட்லாக்கர்னு தனியா மெனுவே இருக்கும், ஹோம்ல அவ்ளோ வெளிய தெரியாது, ஆனா உள்ள ஓடுறது அதேதான். விண்டோஸ் 11ல 24எச்2 வெர்ஷன்லேர்ந்து புதுசா இன்ஸ்டால் பண்ற இன்னும் நிறைய மெஷின்ல இது ஆன் ஆகுது. டிஸ்க்கத் திறக்கிற சாவி அந்த மெஷினோட டிபிஎம் சிப்ப (சாவியப் பாதுகாக்கிற சிப்) நம்பி இருக்கு. மதர்போர்டு மாத்துனீங்க, சில நேரம் பயாஸ் (மெஷின ஆன் பண்ற அடிப்படை ப்ரோகிராம்) அப்டேட் பண்ணீங்க, அவ்ளோதான், நீல கலர் ஸ்கிரீன் வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். அந்த நம்பர் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லதான் இருக்கும்.

எம்.சி. ரோடு பக்கம் ரெடிமேட் கடை வெச்சிருக்கிறவரு ஒருத்தரு, வீடு கொருக்குப்பேட்டை. ஒரு வீடியோவப் பாத்துட்டு லோக்கல் அக்கவுண்ட்டுக்கு மாறிட்டாரு, அது வரைக்கும் நல்ல வேலைதான், நானே எல்லாருக்கும் சொல்றதுதான். ஆனா அதோட விடாம, ஆன்லைன்ல இருந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டயும் மூடிட்டாரு. மூடுனா 30 இல்ல 60 நாள் வரைக்கும் திரும்ப எடுத்துக்கலாம், அப்புறம் போச்சு. லோக்கலுக்கு மாறுனதால என்க்ரிப்ஷன் ஆஃப் ஆகாது, ஆனா மெஷின் தினம் ஒழுங்கா ஆன் ஆகுது, ஒரு வித்தியாசமும் தெரியல, அதனால அவருக்கு சந்தேகமே வரல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைல வீட்டுக்குள்ள தண்ணி வந்து லேப்டாப் நனைஞ்சு, எங்கயோ குடுத்து மதர்போர்டு மாத்தி வாங்கியிருக்காரு. அப்புறம் என்கிட்ட வந்தாரு. "இன்னா ப்ரோ, ஆன் ஆவுது, ஆனா இன்னாமோ நம்பர் கேக்குது, நான் எந்த நம்பரும் வெக்கலியே"ன்றாரு.

எஸ்எஸ்டி நல்லா இருக்கு, ஒரு பழுதும் இல்ல, உள்ள இருக்கிறத மட்டும் படிக்க முடியாது. பழைய மெயில் ஐடி போட்டுப் பாத்தோம், அக்கவுண்ட் எப்பவோ காலி. "ரிச்சி ஸ்ட்ரீட்ல உடைச்சுக் குடுப்பாங்களாமே"ன்னு கேட்டாரு, கீ இல்லாம எந்தக் கடைக்காரராலயும் முடியாது, மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டே அந்தக் கீய திருப்பி உருவாக்கித் தர முடியாதுன்னு தெளிவா எழுதி வெச்சிருக்காங்க. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போர்ட்டல்ல இருந்துச்சு, எடுத்துக்கிட்டாரு. யார் யார் எவ்ளோ பாக்கி தரணும்னு டாலில போட்டு வெச்சிருந்த கணக்கும் பொண்ணு காதுகுத்து போட்டோவும் போயே போச்சு. அக்கவுண்ட்ட டெலீட் பண்ணுன்னு அவ்ளோ நேரம் பேசுன வீடியோல கீயப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதனால முதல்ல செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள போய் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஆன்ல இருந்தா பிரவுசர்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பேஜத் திறந்து, டிவைஸ் லிஸ்ட்ல பிட்லாக்கர் கீ எங்க இருக்குன்னு பாத்து 48 நம்பரயும் பேப்பர்ல எழுதுங்க, கூடவே கீ ஐடியோட முதல் 8 எழுத்தயும் எழுதுங்க, ரெண்டு மூணு லேப்டாப் இருந்தா எது எதோட கீன்னு அத வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். போட்டோ எடுத்து அதே லேப்டாப்ல வெக்காதீங்க. கீ மைக்ரோசாஃப்ட் கிட்ட இருக்கிறது பிடிக்கலன்னா, எழுதுன அப்புறம் அந்தப் பேஜ்லேர்ந்து கீய மட்டும் அழிச்சுடலாம், அக்கவுண்ட்டயே மூடணும்னு இல்ல. இது எதுவும் வேணாம்னா சார்ஜர் போட்டு என்க்ரிப்ஷன ஆஃப் பண்ணிட்டு, முழுசா முடியுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் அக்கவுண்ட் பக்கம் போங்க. ஆனா தினம் பேக்ல போட்டுக்கிட்டு ட்ரெயின்ல போறவங்க ஆஃப் பண்ணாதீங்க, திருடு போனா எடுத்தவன் எல்லாத்தயும் படிச்சுடுவான்.

ஹோம் எடிஷன்ல ரெஜிஸ்ட்ரில டெலிமெட்ரிய ஜீரோ ஆக்குறது

எடுபடாது. ரெஜிஸ்ட்ரின்றது விண்டோஸ் தன் செட்டிங்ஸ வெச்சிருக்கிற உள் லிஸ்ட், அதுல இந்த ஜீரோ என்டர்ப்ரைஸ், எஜுகேஷன், சர்வர் எடிஷனுக்கு மட்டும். ஹோம்லயும் ப்ரோலயும் அத ரிக்வயர்டு (கண்டிப்பா அனுப்புற குறைஞ்ச அளவு) லெவலாத்தான் எடுத்துக்கும். அதுக்குப் பதிலா ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா, டெய்லர்டு எக்ஸ்பீரியன்ஸ், அட்வர்டைசிங் ஐடி, டைப் பண்றத அனுப்புற இங்கிங் அண்ட் டைப்பிங், இந்த நாலயும் ஆஃப் பண்ணுங்க, நிஜமாவே குறையும்.

ஒன்டிரைவ்ல போய் நேரா டெலீட் பண்றது

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூணயும் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டோட ஆன்லைன் ஸ்டோரேஜ்) பேக்கப்ல சேத்திருந்தா நீங்க பாக்குற ஃபைலும் ஒன்டிரைவ்ல இருக்கிறதும் ஒண்ணுதான். இலவச 5 ஜிபி ஃபுல்னு மெசேஜ் வந்ததும், இல்ல "என் ஃபைல் அங்க எதுக்கு"ன்னு கோவத்துல அங்க போய் அழிச்சா இங்கயும் அழியும். வியாசர்பாடிலேர்ந்து ஒரு பொண்ணு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஃபோல்டர இப்படி அழிச்சுட்டு "அண்ணா எல்லாம் போச்சு"ன்னு அழுதுக்கிட்டே வந்துச்சு. ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்ல 30 நாள் இருக்கும், அதுக்குள்ள வந்ததால எடுத்துக் குடுத்தேன். முதல்ல ஃபைல எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்கு வெளிய காப்பி பண்ணுங்க, திறந்து பாருங்க, அப்புறம் அன்லிங்க் பண்ணுங்க (ஒன்டிரைவோட இணைப்ப எடுக்கிறது), கடைசியா அழிங்க.

ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மைக்ரோசாஃப்ட் அட்ரஸ அடைக்கிறது

எந்த அட்ரஸ் எங்க போகணும்னு விண்டோஸ் பாக்குற ஃபைல் அது. 2020லேர்ந்து டிஃபெண்டரே அப்படி அடைக்கிறத ஆபத்துன்னு காட்டி பழையபடி மாத்திடுது.

விண்டோஸ அடைச்சுட்டு பிரவுசரத் திறந்து வுடுறது

குரோம்ல சைன் இன் பண்ணி ஹிஸ்டரி சிங்க் ஆன்ல இருந்தா, நீங்க பாத்த சைட் லிஸ்ட் கூகுளுக்குப் போகும், பாதி வேலைதான் முடிஞ்சுது.

பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் செட்டிங்ஸ் பாக்காம இருக்கிறது

திரும்ப ஒரு தடவ போய்ப் பாருங்க.

என்ன போகுதுன்னே பாக்காம சண்டை போடுறது

டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்குக்குள்ள டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்னு ஒண்ணு இருக்கு, ஆன் பண்ணா உங்க மெஷின்லேர்ந்து என்னென்ன போகுதுன்னு வரிவரியா காட்டும். அதே பக்கத்துல இதுவரைக்கும் போனத அழிக்கச் சொல்ற பட்டனும் இருக்கு. வியூவர் 1 ஜிபி வரைக்கும் இடம் எடுக்கும், பாத்து முடிச்சதும் ஆஃப் பண்ணிடுங்க.