செட்டிநாட்டு வீட்டுக்கு வாஷிங் மெஷினும் டிரையரும் வாங்கும் முன்

செட்டிநாட்டின் பல வளவு வீடுகளில் ஆண்டு முழுவதும் இருப்பவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மணிவிழாவுக்கும் பங்காளிகள் கூடும் நாட்களில்தான் வீடு நிறைகிறது. அந்த நான்கு நாள் கூட்டத்தை மனத்தில் வைத்து 10 கிலோ மெஷின் வாங்குவதுதான் இங்கே நான் அதிகம் காணும் தவறு. பெரிய டிரம்மில் இரண்டு வேட்டியையும் ஒரு சேலையையும் போட்டுச் சுற்றினால், துணி குறைந்த அளவுக்கு மின்சாரமும் தண்ணீரும் குறைவதில்லை. இருவருக்கு 6 அல்லது 6.5 கிலோவும் நால்வருக்கு 7 அல்லது 8 கிலோவும் போதும். விசேஷத் துணிகளை இரண்டு மூன்று முறையாகத் துவைத்துக்கொள்ளலாம்.

கடையில் மின்சிக்கன நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் தரும் அட்டையில், ஒரு கிலோ துணியைத் துவைக்க எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற இரண்டு கணக்கும் இருக்கும். ஊரணியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்த இந்த வறண்ட சீமையில் இரண்டாவது எண்ணும் முதல் எண்ணுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

முன்பக்கக் கதவுள்ள மெஷினுக்குத் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். ஆனால் அதில் மின்சாரத்தைத் தின்பது மோட்டார் அன்று, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். 40 டிகிரியோடு நிறுத்தினால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் தானாகவே சுடும் ஊரில், அன்றாடத் துணிக்கு ஹீட்டரை அணைத்துவிடுவதே முறை. கண்டாங்கிச் சேலையின் சாயத்துக்கும் குளிர்ந்த நீர்தான் நல்லது. ஆகையால் ஹீட்டரைத் தனியே நிறுத்த வசதியுள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஹீட்டரின் மேல் சுண்ணாம்புப் படிவம் ஏறி மின்செலவைக் கூட்டும் என்பது இதற்கு இன்னொரு காரணம்.

தண்ணீர் அழுத்தத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பல மாடல்கள் கேட்கும் 0.3 பார் அழுத்தத்துக்குத் தொட்டி குழாயிலிருந்து ஏறக்குறைய 10 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டில், வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக்கூடிய செமி ஆட்டோமேட்டிக்கைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

டிரையரைப் பற்றி என் கருத்து உறுதியானது: முற்றத்தில் கொடி கட்ட இடமுள்ள வீட்டுக்கு அது ஆண்டின் பெரும்பகுதிக்குத் தேவையே இல்லை. துணியிலிருக்கும் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே ஏறக்குறைய 0.65 யூனிட் வெப்பம் வேண்டும்; அதே நீரைச் சுழற்றிப் பிழிந்து வெளியேற்ற ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியைவிட 1400 சுற்றில் பிழிந்ததில் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் குறைவாக இருக்கும் என்பதால், டிரையருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அதிகச் சுழற்சி வேகமுள்ள மெஷினுக்குச் செலவிடுவது மேல்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதியவர்களின் போர்வையும் குழந்தைத் துணியும் காயாமல் திண்டாடும் வீட்டுக்கு டிரையர் அவசியமாகலாம். அப்படியானால் ஹீட் பம்ப் வகையையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வெப்பத்தை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்துவதால், சாதாரண ஹீட்டர் வகைக்கு ஆகும் மின்சாரத்தில் பாதியளவே அதற்குப் போதும். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசமாகவும், அதற்கு மேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுவதாகவும் உள்ள நம் மின்கட்டண முறையில் இந்த வேறுபாடு பில்லில் தெரியும். ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகையை, குழாய் பொருத்தாமல் வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டு அறைக்குள் ஓட்டினால் ஈரம் சுண்ணாம்புச் சுவரில் இறங்கும். எந்த வகையானாலும் ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துடைத்துவிடுங்கள். அது அடைத்துக்கொண்டால் உலரும் நேரமும் மின்சாரமும் கூடும்.