மொட்டை மாடியில் மூன்று தட்டு

ஏழாம், எட்டாம் வகுப்பில் தூய பொருள், கலவை என்று பாடம் வந்ததும் பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், ஆனால் "தெளிவாக இருக்கிற தண்ணீர் தூய பொருளா?" என்று கேட்டால் உடனே ஆமாம் என்பார்கள். இதை வெயில் காயும் ஒரு நாளில் மொட்டை மாடியிலேயே சரிசெய்துவிடலாம்.

ஒரே மாதிரி மூன்று கருநிறத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மெரினாவிலிருந்து பாட்டிலில் பிடித்து வந்த கடல்நீர், இன்னொன்றில் வீட்டு போர் தண்ணீர், மூன்றாவதில் காய்ச்சி வடித்த நீர் (பேட்டரிக்கு ஊற்றுவது, கடையில் ஆசிட்டை மாற்றி வாங்கிவிடாதீர்கள், லேபிளைப் பாருங்கள்). கடல்நீரை முதலில் வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். மணல் துணியில் நின்றுவிடும், உப்பு நிற்காது, ஏனென்றால் அது கரைந்து துணியின் இழைகளுக்கு நடுவே தண்ணீரோடு போய்விடுகிறது. வடிகட்டல் எங்கே உதவாது என்பது அங்கேயே புரிந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்பூன் ஊற்றிக் காயவிடுங்கள். கடல்நீர்த் தட்டில் உப்புப் படிகம் நன்றாகத் தெரியும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறதே. போர் தண்ணீர் வெள்ளையாகத் திட்டு விடும், ஹீட்டர் கம்பியில் படிகிற அதே கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான். மூன்றாவது தட்டில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஆக, மூன்றுமே தெளிவாக இருந்தாலும் முதல் இரண்டும் உப்பு கரைந்த கலவை, மூன்றாவதுதான் ஏறக்குறைய தூய பொருள். காய்ந்த உப்பை வாயில் வைக்க மட்டும் விடாதீர்கள்.

"அப்போ ஆவியான தண்ணீர் எங்கே போச்சு?" என்று பிள்ளை கேட்டால், அதைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான் காய்ச்சி வடித்தல் என்று சொல்லுங்கள். சென்னைக்குத் தெற்கே இருக்கிற நெம்மேலி ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்குவது வேறு வழி, அங்கே மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள்.